யாரும் எண்ணாத நான்கு பேர்

அத்தியாயம் பதினான்கு

பேர்னாட் படகோட்டக் கற்பிட்டிக்குப் புறப்பட்ட அன்று அவன் மனைவி செலீன் வாசலுக்கு வரவில்லை என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "வேலை இல்லாட்டியும் பரவாயில்லை, உயிரோட வீட்டில இருங்கோ" என்று சொல்லிப் பார்த்தாள். அவன் பையைத் தூக்கியதும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு அவர்கள் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

வியாழக்கிழமை காலை கொழும்புக் கொட்டாஞ்சேனை வேர்க்‌ஷொப்பில் தொலைபேசி அடித்தபோது செலீன்தான் அருகில் நின்றாள். ஆனால் எடுக்கவில்லை. எஞ்சின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் ஹியூபேட், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுத்தார்.

"மச்சான், நான் பேர்னாட். படகு நல்லா ஓடுது. ஆனா உங்கட முள் பிழை."

"எந்த முள்?"

"சுத்துக் காட்டுற முள். ஃபுல்லா முறுக்கினாலும் நாப்பத்தெட்டுக்கு மேல ஏறுதில்லை. ரெண்டிலயும் அப்பிடித்தான். நீங்கள் முகத்துவாரத்தில ஐம்பத்திநாலு வந்ததெண்டு சொன்னனீங்கள்."

ஹியூபேட் கையிலிருந்த துணியை மேசையில் போட்டார். ஒரு முள் பழுதாகலாம். இரண்டு முள்ளும் ஒரே நாளில், ஒரே அளவுக்குப் பழுதாகுமா?

"இப்ப படகில என்ன ஏத்தியிருக்கு?"

"நாளைக்கு ஏத்திற எல்லாத்தையும் ஏத்தித்தான் ஓடிப் பாத்தன். ஆக்கள் ஏழு பேர், சிஸ்டர், மருந்துப் பெட்டியள், பெற்றோல்."

"பெற்றோல் எவ்வளவு?"

பேர்னாட்டின் குரல் இறங்கியது. அவன் நின்றது தெருவோரத் தொலைபேசிக் கடை. "போகவும் வரவும் வேணுமே. மன்னாரில ஒரு போத்தல் கூட எடுக்கேலாதாம். முன்னூறு லீற்றர். நேவிக்காரர் எண்ணிப் பாத்துத்தான் தந்தவங்கள். சரி மச்சான், இஞ்ச ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம். ரெண்டு மணிக்குத் திரும்ப எடுக்கிறன்."

அவன் வைத்துவிட்டான்.

ஹியூபேட் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே நின்றார்.

"என்னவாம்?" என்றாள் செலீன். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. முன்மேசையில் கிடந்த நட்டுகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"முள் பிழையாம்."

"முள் பிழையில்லை. நான்தானே பூட்டினனான்."

"ஓம். நாங்கள்தான் பிழை."

இந்தப் படகைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட வேண்டும். இருபத்துமூன்று அடி ஃபைபர் படகு. பின்புறத்தில் நாற்பது குதிரைவலு எஞ்சின்கள் இரண்டு. கன்னியாஸ்திரிகளின் உதவிக் குழு ஒன்று, மாதக்கணக்காக அலுவலகங்களுக்கு நடந்து, ஒரேயொரு பயணத்துக்கு அனுமதி பெற்றிருந்தது. கொழும்பின் களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்தியம் முடிந்தும், யுத்தத்தில் தரைப்பாதை மூடியதால் வீடு போக முடியாமல் கிடந்த ஏழு மன்னார் நோயாளிகளைக் கொண்டுபோய் விட வேண்டும். அங்கே காத்திருக்கும் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை விடியக் கற்பிட்டியில் இருந்து வெளிக்கிடலாம் என்பது கடற்படையின் உத்தரவு.

தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் புறொப்பெல்லர் எந்த அளவு என்று தெரிந்தெடுத்தது ஹியூபேட்டும் செலீனும்.

புறொப்பெல்லரில் பார்க்க வேண்டிய முக்கியமான அளவு அதன் பிற்ச். மரத்துக்குள் ஒரு திருகாணியை முடுக்குகிறோம். ஒரு சுற்றுக்கு அது எவ்வளவு உள்ளே போகிறது? அதுதான் பிற்ச். பதின்மூன்று என்றால், ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று அங்குலம் முன்னே போகப் பார்க்கும் புறொப்பெல்லர். தண்ணீர் மரமல்ல, கொஞ்சம் வழுக்கும். ஆனாலும் கணக்கு அதுதான். பிற்ச் கூடினால் வேகம் கூடும், எஞ்சினுக்குச் சுமையும் கூடும். பிற்ச் குறைந்தால் வேகம் குறையும், எஞ்சினுக்கு மூச்சு வரும். பஸ்ஸின் கியர் போலத்தான். காலி பஸ் சமதரையில் உச்சமான ரொப் கியரில் பறக்கும். சனம் நிறைந்த பஸ்ஸை மேட்டில் அதே கியரில் விட்டால் எஞ்சின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

சரியான அளவு எதுவென்று எப்படித் தெரியும்? படகில் ஏற்ற வேண்டியதை ஏற்றி, முழுதாக முறுக்கி, முள்ளைப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சின்கள் நிமிடத்துக்கு ஐயாயிரத்துக்கும் ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் இடையில் சுற்ற வேண்டும். குறைந்தால் பிற்ச் பெரிது. கூடினால் பிற்ச் சிறிது. ஒரு அங்குலம் மாற்றினால் ஏறக்குறைய இருநூறு சுற்று மாறும்.

முகத்துவாரத்தில் அவர்கள் அதைத்தான் செய்தார்கள். பாரத்துக்கு மண்மூட்டை வைப்போமா என்று செலீன் கேட்டபோது, "கொழும்பில மண்மூட்டைக்குக் குறைச்சல் இல்லை, ஒவ்வொண்டுக்குப் பின்னாலயும் ஒரு ஆமிக்காரன் நிக்கிறான்" என்றார் ஹியூபேட். அதனால் தெருவில் இருந்து எட்டுப் பேரைக் கூட்டிப் போனார்கள். எல்லாரும் சந்தோஷமாக ஏறி, நனைந்து, பாடிக்கொண்டு வந்தார்கள். பதின்மூன்று பிற்ச்சில் முள் ஐம்பத்துநான்கு, அதாவது ஐயாயிரத்து நானூறு சுற்று, காட்டியது. இருவருக்கும் பெருமை.

ஐறீன் தேத்தண்ணியோடு படியிறங்கி வந்தாள். ஹியூபேட்டின் மனைவி. எஞ்சினைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

"என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

"முகத்துவாரத்துக்குப் போன அண்டைக்கு எவ்வளவு பெற்றோல் கொண்டு போனனாங்கள்?" என்று ஹியூபேட் தங்கையைக் கேட்டார்.

"ஒரு கான். இருபது லீற்றர்."

"அது என்ன கேள்வி?" என்றாள் ஐறீன். "நீங்கள் எண்டைக்கு ஒரு கானுக்கு மேல வைச்சிருக்கிறியள்? மோட்டர் சைக்கிளுக்கே ரெண்டு லீற்றர்தானே அடிக்கிறியள். கூட அடிச்சா, எங்க போறாய், யாருக்குக் கொண்டு போறாயெண்டு கேப்பாங்கள் எண்டு நீங்கள்தானே சொல்லுறியள்."

அதுதான் நடந்தது. பத்து வருடத்துக்கு மேலாக அந்த வேர்க்‌ஷொப்பில் எந்தப் படகையும் நிறைந்த தாங்கியோடு ஓடிப் பார்த்ததில்லை. தமிழன் கையில் இரண்டு கான் பெற்றோல் இருந்தால் அது கேள்வி. மூன்று இருந்தால் பதில் சொல்லியும் பயனில்லை. அந்தப் பயம் பழகிப் பழகி வேலை செய்யும் முறையாகவே ஆகிவிட்டது. ஆட்களின் பாரத்தை எண்ணினார்கள். பெட்டிகளை எண்ணினார்கள். பெற்றோலுக்குப் பாரம் உண்டு என்பதே இருவருக்கும் நினைவு வரவில்லை.

"ஒரு லீற்றர் முக்கால் கிலோ வரும்" என்றாள் செலீன். "முன்னூறு லீற்றர்."

"நாலு ஆள்" என்றார் ஹியூபேட். "நாலு பேர் ஏறியிருக்கினம் பிள்ளை. நாங்கள் எண்ணேல்ல."

"சரி, பாரம் கூடினா மெல்லப் போகட்டன்" என்றாள் ஐறீன். "மெல்லப் போனா என்ன?"

"ரெண்டு எஞ்சினும் ஓடினா ஒண்டுமில்லை, அண்ணி. இழுத்துப் பறிச்சுப் போயிடும்." செலீன் நட்டுகளை அப்படியே விட்டாள். "ஒண்டு நிண்டா? அந்த முழுப் பாரத்தையும் மற்றது தனிய இழுக்க வேணும். பதின்மூண்டில இழுக்க ஏலாது. சூடேறி அதுவும் நிண்டிடும். பின்னேரம் காத்து எழும்பினா..."

"பதினொண்டு போட்டா?" என்றாள் ஐறீன்.

அண்ணனும் தங்கையும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கிறியள்? இருபது வருசமா உந்தக் கதையைத்தானே சாப்பாட்டு மேசையில கேக்கிறன்."

பதினொன்று போட்டால் முள் ஐம்பத்திரண்டுக்கு வரும். ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றது நெஞ்சு வெடிக்காமல் மெல்ல மெல்லக் கரைக்குக் கொண்டுவரும். பதினொன்று இரண்டு, வெள்ளவத்தையில் பௌஸியிடம் கிடந்தன. படகுச் சாமான் வியாபாரத்தை விட்டுவிட்டுத் துணிக்கடை போட்ட மனிதர் அவர். பகல் கற்பிட்டி பஸ்ஸைப் பிடித்தால், இருட்டுவதற்குள் பேர்னாட்டின் கையில் கொடுத்துவிடலாம்.

"நான் போறன்" என்றார் ஹியூபேட்.

"நீங்கள் போகேலாது."

செலீன் சொன்னதற்குக் காரணம் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார். அப்பா துறைமுக வேலைக்கு வந்து சேர்ந்த பிறகு பிறந்த செலீனின் அட்டையில் கொழும்பு. ஒரே தாய் பெற்ற இரண்டு பிள்ளைகளில் ஒருவரைச் சோதனைச்சாவடியில் நிறுத்துவார்கள், மற்றவரைப் போகச் சொல்வார்கள். போன மாதம் சுற்றிவளைப்பில் பிடிபட்ட ஹியூபேட் இரண்டு இரவு பொலிஸில் இருந்துவிட்டு வந்தவர்.

அவள் சேலையை மாற்றிக்கொண்டு இறங்கினாள். ஹியூபேட் படியில் நின்று, "ரெண்டையும் விரலால தடவிப் பார். இதழ் நெளிஞ்சிருந்தா வேண்டாதே" என்றார். அவளுக்குத் தெரியாததல்ல.

*

வெள்ளவத்தையில் பௌஸியின் துணிக்கடை காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஒரு ஒழுங்கையில் இருந்தது. மேலே வீடு. சாரிகளுக்குப் பின்னால், ஏணிக்கு அடியில், பழைய வியாபாரத்தின் மிச்சங்களைக் குவித்து வைத்திருந்தார்.

"என்ன தங்கச்சி, இந்த வெயில்ல வந்தீக்கிறீங்க? பெருநாள் சாரியா?"

"பதினொண்டு ரெண்டு வேணும், நானா." அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

பௌஸியின் சிரிப்பு நின்றது. கடை வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு ஏணிக்கு அடியில் குனிந்து, மூச்சு வாங்க வாங்க, தூசி படிந்த இரண்டு அட்டைப் பெட்டிகளை இழுத்தார்.

செலீன் தரையில் உட்கார்ந்து இரண்டையும் எடுத்தாள். மூன்று இதழ் அலுமினியம். நடுவிலுள்ள குடத்தில் பொறித்த எண்ணைப் படித்தாள். ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் விரலை ஓட்டினாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இதழ்கள் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பார்த்தாள். பெரிய எஞ்சின்களில் ஒன்று வலமும் ஒன்று இடமும் சுற்றும் சோடிகள் உண்டு. இந்தப் படகின் எஞ்சின்கள் இரண்டும் வலம் சுற்றுபவை. ஆகவே எதையும் எதிலும் மாட்டலாம்.

"ஆரு படகு?" என்று கேட்டார் பௌஸி.

"சிஸ்டர்மாரிட. பேர்னாட் ஓட்டுறார்."

"ஒங்கட பேர்னாடா? கடலுக்கா?" அவர் நெற்றியைத் தடவினார். "அந்தாளுக்கு வேற தொழில் கெடைக்கல்லயா புள்ள?"

"கிடைக்கேல்ல, நானா."

"நீங்க விட்டீங்களா?"

"என்னைக் கேட்டா செய்யிறவர்?"

பௌஸி ஒரு அரிசிச் சாக்கை உதறி எடுத்தார். "இதுல போட்டு, மேல ரெண்டு மீட்டர் துணியப் போடுங்க. ஒண்ணும் வெளங்காது."

"வேண்டாம். ஒளிச்சு வைச்சதைக் கண்டா ஒளிச்சதுக்குத்தான் பிடிப்பாங்கள். வெளியில தெரிஞ்சா சாமான்."

"தெரிஞ்சா சாமான் இல்ல தங்கச்சி, தெரிஞ்சா கேள்வி."

"கேள்விக்குப் பதில் இருக்கு" என்றாள். வலைப்பின்னல் பையில் இரண்டையும் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அவர் காசு வாங்க மறுத்தார். கடல் பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்டது. அடுத்த ரயிலுக்கு அவள் ஓடவேண்டி இருந்தது.

ரயிலில் சன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டாள். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கடல். எண்ணெய் ஊற்றியது போல அமைதியாகக் கிடந்தது. இப்படிக் கிடந்தால் பேர்னாட் எந்த புறொப்பெல்லரிலும் போய்ச் சேர்ந்துவிடுவான். கடல் மாலையிலும் இப்படிக் கிடக்கும் என்று யார் சொல்ல முடியும்?

எதிரில் இருந்த பெண் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு தரிப்பு கழித்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

*

கோட்டை ரயில் நிலையத்தில் பை பார்க்கும் இடத்தில் கூட்டம். யாரும் மறிக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் வீதியில், பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிய சாவடியில்தான் மாட்டினாள்.

"நங்கி, மொகத மே?" தங்கச்சி, இது என்ன என்று கேட்டான் சிப்பாய். இருபத்தைந்து வயதிருக்கும்.

"புறொப்பெல்லர்." அவளும் சிங்களத்தில் பதில் சொன்னாள்.

அடையாள அட்டையைப் பார்த்தான். அவள் பெயரை வாய்க்குள் வாசித்தான். பையில் இருந்து ஒன்றை எடுத்து, குடத்தைத் திருப்பி, பொறித்த எண்ணைப் பார்த்தான். அவன் பிடித்த விதத்திலேயே செலீனுக்கு விளங்கிவிட்டது. கடற்கரைப் பிள்ளை.

"பதினொன்று. இருபத்தைந்துக்கா, நாற்பதுக்கா?"

"நாற்பதுக்கு."

"எத்தனை எஞ்சின்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பையில் இரண்டு இருந்தன.

"இரண்டு. சிஸ்டர்மாரின் படகு. நோயாளிகளைக் கொண்டு போக நேவி அனுமதி கொடுத்திருக்கிறது. கடதாசி எல்லாம் படகோடு கற்பிட்டியில்."

"எங்கே போகிறது?"

"மன்னார்."

அவன் பின்னால் திரும்பிக் கோப்ரலைக் கூப்பிட்டான். கோப்ரல் வந்து கேட்டான். செலீன் திரும்பவும் சொன்னாள். பாரம் கூடியது, முள் இறங்கியது, பதின்மூன்று ஏன் பதினொன்றாக வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே பயம் பிடித்தது. நாற்பது குதிரைவலு, இரண்டு எஞ்சின், முன்னூறு லீற்றர், மன்னார். உண்மைதான். ஆனால் அந்தச் சொற்கள் வரிசையாக வந்தபோது அவை சண்டைக்குப் போகும் வேறொரு படகைப் பற்றிய சொற்கள் போலக் கேட்டன.

கோப்ரல் அவளுடைய வேர்க்‌ஷொப் விலாசத்தைக் கேட்டு எழுதினான். "இரண்டும் இங்கே இருக்கட்டும். கப்டன் மஹத்தயா வந்து பார்ப்பார்."

"எப்போது?"

"பின்னேரம். இல்லையென்றால் நாளை."

"நாளை விடிய படகு போய்விடும், ஐயா. என் புருஷன்தான் ஓட்டுகிறார்."

அந்தச் சிப்பாய் கையில் இருந்த புறொப்பெல்லரைப் பார்த்தபடி நின்றான். பிறகு கோப்ரலிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். கோப்ரல் யோசித்தான்.

"ஒன்றைக் கொண்டு போ."

"ஒன்றா?"

"ஒன்று என்றால் பழுதானால் மாற்றும் ஸ்பெயார். எல்லாப் படகிலும் ஒரு ஸ்பெயார் இருக்கும். இரண்டு என்றால் ஒரு படகு. படகுக்கு நான் பொறுப்பெடுக்க முடியாது."

பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது. மிச்ச வழியை நடந்தாள்.

*

"ஒண்டை வைச்சு என்ன செய்யிறது?" என்றார் ஹியூபேட். அந்த ஒன்றை வேலை மேசையில் வைத்து மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு எஞ்சினுக்குப் பதினொண்டு, மற்றதுக்குப் பதின்மூண்டு போட்டா?"

"ஒரு காலுக்கு ஹீல்ஸும் மற்றக் காலுக்கு ரப்பர் செருப்பும் போட்டு நடக்கிற மாதிரி. ஒண்டு பறக்கும், மற்றது முக்கும்." செலீன் தலையாட்டினாள். "கோப்ரல் சொன்னதுதான் சரி. ஸ்பெயாராக் கொண்டு போகட்டும். ஒரு எஞ்சின் நிண்டா, மற்றதையும் நிப்பாட்டித் தூக்கிவிட்டு, பதின்மூண்டைக் கழட்டி இதைப் பூட்டலாம். ஒரு பின் கம்பி, ஒரு நட்."

"கடலில."

"கடலிலதான்."

"எஞ்சின் ரெண்டும் நிண்டா படகு குறுக்கால திரும்பும். அலை பக்கத்தால அடிக்கும். துடுப்புப் போட்டு மூக்கை அலைக்கு நேரா வைச்சிருக்க ஒரு ஆள் வேணும். அதில இருக்கிற ஏழு பேரும் வருத்தக்காரர்."

"தெரியும்" என்றாள் செலீன்.

தொலைபேசி அடித்தது. ஹியூபேட் எழுமுன் அவள் எடுத்தாள்.

"மச்சான்..."

"நான்."

"செலீனா? என்ன, கதைக்கிறீர்!"

"கதைக்க வேண்டிக் கிடக்கு. முள் சரி. பெற்றோல் பாரத்தை நாங்கள் எண்ணேல்ல. பிற்ச் பெரிசு."

ஹியூபேட் கையை நீட்டி, போனில் பெற்றோல் பேசாதே என்று சைகை காட்டினார். அவள் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு பேரை நிப்பாட்டுங்கோ. பாரம் குறையும்."

"யாரை நிப்பாட்ட? நீர் வந்து சொல்லும். ஒரு மனிசி மூண்டு மாசமாப் பிள்ளையளைக் காணேல்ல. ஒரு பொடியன் கால் எடுத்த நாளில இருந்து அம்மா அம்மா எண்டு நிக்கிறான். அனுமதி ஒருதரம்தான், தெரியுந்தானே. பாரம் கூடினா நான் மெல்ல ஓட்டுறன்."

"ஒரு எஞ்சின் நிண்டா?"

"நிக்காது."

"அதை எஞ்சினிட்டக் கேட்டனீங்களோ?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு ஸ்பெயார் கொண்டு வாறன். மாத்திறதெண்டா துடுப்புப் பிடிக்க ஆள் வேணும். நானும் ஏறுறன்."

"விசரோ உமக்கு? இருக்கிற பாரம் காணாதெண்டோ? அதோட படகில ஏறுற ஆக்களின்ர பேரெல்லாம் நேவியிட்டக் குடுத்தாச்சு. சிஸ்டர் துடுப்புப் பிடிப்பா."

"சிஸ்டர் செபமாலைதான் பிடிப்பா. நான் வாறன். கரையில வைச்சுச் சண்டை பிடிப்பம்."

"செலீன், கேளும்..."

"அண்டைக்கு நான் வாசலுக்கு வரேல்ல" என்றாள். "இண்டைக்கு வாறன்." தொலைபேசியை வைத்தாள்.

ஐறீன் ஒன்றும் கேட்காமல் மேலே போய் ஒரு சாப்பாட்டுப் பார்சலும் ஸ்வெற்றரும் எடுத்து வந்தாள். ஹியூபேட் ஒரு ஸ்பானர், குறடு, நாலைந்து பின் கம்பி எல்லாவற்றையும் சீலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். புறக்கோட்டை பஸ் நிலையம் வரை அவளோடு போனார். அவள் ஏறியதும், ஜன்னலுக்குக் கீழே நின்று, "பின்னைத் திரும்பப் பாவிக்காதே, புதுசு போடு" என்றார்.

"ஓம் அண்ணா."

"நட்டைப் பூட்ட முதல் கிறீஸ்..."

"ஓம் அண்ணா. போங்கோ."

பஸ் நகர்ந்தது.

*

வேர்க்‌ஷொப் வாசலில் ஒரு ஜீப் நின்றது.

ஹியூபேட்டின் கால்கள் தெரு முனையிலேயே நின்றுவிட்டன. திரும்பி நடக்கலாம். ஆனால் ஐறீன் உள்ளே தனியாக இருக்கிறாள். நடந்து வந்தார்.

உள்ளே கப்டன் வேலை மேசை அருகில் நின்றார். நரைத்த மீசை, அலுத்த கண்கள். மேசையில் இரண்டாவது புறொப்பெல்லர் கிடந்தது. ஐறீன் படியடியில், சுவரில் சாய்ந்து நின்றாள்.

கப்டன் அடையாள அட்டையைக் கேட்டார். மன்னார் என்ற இடத்தில் அவர் கண் நின்றதை ஹியூபேட் பார்த்தார். ஆனால் அட்டை திரும்பி வந்தது.

"நான் கற்பிட்டிக்கு எடுத்து விசாரித்தேன்" என்றார் கப்டன் சிங்களத்தில். "உங்கள் தங்கை சொன்னது உண்மை. அனுமதி இருக்கிறது. அதனால் இதை நானே கொண்டுவந்தேன்."

ஹியூபேட் வாசல் பக்கம் பார்த்தார். செலீன் போன பஸ் இப்போது களனிப் பாலம் தாண்டியிருக்கும்; இதை இனி அவள் கையில் கொடுக்க முடியாது.

"ஆனால் ஒரு கேள்வி. பயணத்துக்கு முந்திய நாள் ஏன் புறொப்பெல்லர் மாற்றுகிறீர்கள்? படகில் ஏதாவது குறையா?"

"குறை இல்லை, ஐயா. பாரம் கொஞ்சம் கூட. இரண்டு எஞ்சினும் ஓடினால் போய்ச் சேரும்."

"ஒன்று ஓடினால்?"

ஹியூபேட் விளக்கத் தொடங்கினார். பிற்ச், சுற்று, சூடு, காற்றின் திசை. அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எல்லாவற்றுக்கும் ஒரு 'ஆனால்' இருந்தது.

கப்டன் கையை உயர்த்தினார். "எனக்கு எஞ்சின் தெரியாது. நாளைக்குப் படகு கவிழ்ந்தால், தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்பார்கள். இந்தத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் படகு நிற்கும். சொல்லாவிட்டால் போகும். பிறகு இன்னொரு அனுமதி கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் இந்தப் படகைத் தயார் செய்தவர். அந்தப் படகு இந்தப் பயணத்துக்குச் சரியா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று."

ஹியூபேட் வாயைத் திறந்தார். ஆம் என்றால் பேர்னாட்டையும், ஒருவேளை செலீனையும், தன் கையாலேயே கடலுக்குத் தள்ளுவதாகும். இல்லை என்றால் ஏழு பேரின் வீட்டு வாசலைத் தன் கையாலேயே பூட்டுவதாகும். காலையில் பேர்னாட் சொன்ன பெயர் தெரியாத அந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்க முயன்றார். அவருக்கு முகங்கள் வரவில்லை.

"ஆம் என்றும் சொல்ல முடியாது, ஐயா..."

"நே, மஹத்தயா."

சொன்னது ஐறீன். படியடியில் இருந்து நகராமல், சத்தம் கூட்டாமல், 'இல்லை, ஐயா' என்று சிங்களத்தில் சொன்னாள். புருஷனைப் பார்க்கவில்லை.

"சரியில்லை. நிறுத்துங்கள்."

கப்டன் ஹியூபேட்டைப் பார்த்தார். அவர் மறுப்பார் என்று இரண்டு மூச்சு விடும் நேரம் காத்திருந்தார். ஹியூபேட் மறுக்கவில்லை.

கப்டன் திரும்பித் தொலைபேசியை எடுத்தார்.